கர்த்தருக்கு நான் எவ்வளவு பாக்கி?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 41. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, பிளஸ் டூ படிக்கும் மகனோடு வாழ்கிறார். ஐந்து பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

லோடு ஆட்டோ ஓட்டிய அவருடைய கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். ஒருநாள் மூச்சுத்திணறி ஐசியூவில் சேர்த்தபோதுதான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது தெரிந்தது. அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இவர் ஒரு பொருத்தனை, அதாவது நேர்ச்சை செய்தார்: "இவர் எழுந்து வந்தால் இனி நகை போடமாட்டேன், ஒரு மாதம்கூடத் தவறாமல் தசமபாகம் கொடுப்பேன்." கணவர் வீட்டுக்கு வந்தார். வருமானத்தில் பத்திலொரு பங்கான அந்தத் தசமபாகத்தை நான்கு மாதம் கொடுத்தார். டயாலிசிஸ், ஊசி, போய்வரும் வண்டி வாடகை என்று செலவு ஏறியதும் கொடுக்க முடியவில்லை. நிறுத்திய பத்தாவது மாதம் கணவர் இறந்துபோனார். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் மகனுக்கு டெங்கு வந்தபோது, ஜெபிக்க வந்த சபை மூப்பர் ஒருவர், கர்த்தருடையதைத் திருடின வீட்டில் சாபம் தங்கும் என்று சொல்லியிருக்கிறார். அதோடு விடாமல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாதம் 1,800 வீதம் 46 மாதம், மொத்தம் 82,800 ரூபாய். கூட்டுத்தொகைக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. அந்த நோட்டு இப்போது தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. மகன் படிப்புக்கென்று வைத்திருக்கும் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று இவர் யோசிக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறார். போன வாரம் மிஷினிலேயே மயங்கிச் சாய்ந்திருக்கிறார். தகுதி பார்க்காமல் தேவன் இலவசமாகக் காட்டும் தயவைத்தான் சபையில் கிருபை என்கிறோம். மகனோ, "கிருபைன்னு சொல்றாங்க, அப்புறம் பில்லு போடறாங்க" என்று சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள். என் கணவரை என் குற்றத்துக்காகத்தான் கர்த்தர் எடுத்துக்கொண்டாரா? பாக்கியைக் கட்டினால் சாபம் நீங்குமா? இப்படிக் கேட்பதே அவிசுவாசமா?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அவிசுவாசம் இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்டவனின் பாட்டைத்தான் 13-ஆம் சங்கீதமாக வைத்து இன்றுவரை சபையில் வாசிக்கிறோம். கேட்கிற பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துகிற தகப்பனை இயேசு நமக்குக் காட்டவில்லை.

உங்கள் கணவர் இறந்தது அபராதம் இல்லை

பல வருடச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுப்பது மருத்துவர்கள் தினம் பார்க்கிற விஷயம். உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் சிறுநீரகம் செயலிழக்க மிகப் பெரிய காரணங்கள். ஐசியூவில் படுக்கும் முன்பே, நீங்கள் பொருத்தனை செய்யும் முன்பே, அந்த நோய் அவர் உடம்பில் வருடக்கணக்காக வேலை செய்துகொண்டிருந்தது. நீங்கள் 1,800 ரூபாயை உறையில் போடாத மாதத்தில் அது தொடங்கவில்லை.

வேதத்திலும் இதே கேள்வி வருகிறது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், யார் செய்த பாவம் என்று கேட்கிறார்கள். "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்கிறார் இயேசு. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொன்னார். நடந்த துயரத்திலிருந்து பின்னால் போய்க் குற்றத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கை இரண்டு இடத்திலும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஊழியத்துக்கு வந்த முதல் வருடம், குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம் நானும் "கர்த்தர் இதன் மூலம் ஏதோ கற்றுக்கொடுக்கிறார்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கொடுத்த டீ ஆறி ஏடு கட்டும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். அந்த ஏட்டை இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் மூப்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பயந்துபோய் இருக்கிற மனிதர்கள் காரணம் தேடுவார்கள். ஆனால் அவர் சொன்னது தவறு. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அந்த நோட்டை மோசேயின் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள்

மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தின்படிதான் கேட்கிறோம் என்று உங்கள் சபையில் சொல்கிறார்களாம். சரி, நியாயப்பிரமாணத்தையே திறந்து பார்ப்போம். உபாகமம் 14-ஆம் அதிகாரம். தானியம், திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றின் பத்திலொரு பங்கை ஒரு குடும்பம் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோய், அங்கே உட்கார்ந்து தானே சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் அங்கே தொடங்குகிறது. மூன்றாம் வருடத்துப் பங்கு யாருக்குத் தெரியுமா? ஆலயப் பணி செய்யும், நிலம் இல்லாத லேவியனுக்கு, வேறு தேசத்திலிருந்து வந்து தங்கிய பரதேசிக்கு, திக்கற்ற பிள்ளைக்கு, விதவைக்கு. அவர்கள் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

அந்தப் பட்டியலில் உங்கள் இடம் எது என்று பாருங்கள் சகோதரி. மோசேயின் சட்டப்படியே போனாலும் தசமபாகம் உங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். உங்களிடமும் தகப்பன் இல்லாத உங்கள் மகனிடமும் இருந்து வசூலாகக் கூடாது. கணவர் இருந்தபோது வந்த 18,000 ரூபாய் வருமானத்தை வைத்து, அவர் இறந்த பிறகு வந்த 36 மாதத்துக்கும் அதே 1,800 என்று போட்டிருக்கிறார்கள். வராத வருமானத்துக்குப் பத்திலொன்று கேட்கிற சட்டம் வேதத்தில் எங்கேயும் இல்லை.

"திருடின வீடு" என்ற பேச்சு மல்கியா 3-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. எட்டாம் வசனத்தைச் சொன்னவர் ஐந்தாம் வசனத்தையும் வாசித்துக் காட்டியிருக்கலாம். விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாக நானே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்வது அங்கேதான், மூன்றே வசனத்துக்கு முன்னால்.

பொருத்தனைக்கும் இப்படித்தான். சொன்னதைச் செலுத்து என்று சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது, உண்மை. ஆனால் லேவியராகமம் 27:8, செலுத்த முடியாத ஏழை, பலி செலுத்தும் ஆசாரியன் முன்னால் வந்து நிற்கட்டும், அவனுடைய திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் மதிப்பிடட்டும் என்கிறது. பாவநிவாரண பலிக்கு ஆடு வாங்க முடியாதவனுக்கு இரண்டு புறா, அதற்கும் வழியில்லாதவனுக்கு ஒரு பங்கு மாவு. இயேசுவைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போன மரியாள் கொடுத்ததும் அந்த ஏழைகளின் காணிக்கைதான். சட்டமே இவ்வளவு இரங்கியிருக்கும்போது, சட்டத்தின் பேரால் வருகிறவர்கள் இரங்காமல் போனது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

சட்டம் எதுவரை வரும்

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "கிருபையால் இரட்சிக்கப்பட்டேன், ஆனால் அதைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டும் அல்லவா?" நம் சபைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனதில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே வரும்வரை கிருபை, வந்த பிறகு வாடகை. கலாத்தியா சபைக்காரர்களும் இப்படி நினைத்ததால்தான் பவுல் அவ்வளவு சூடாக ஒரு கடிதம் எழுதினார்.

சட்டத்தைப் பவுல் கெட்டது என்று சொல்லவே இல்லை. பரிசுத்தமானது என்கிறார். அதன் வேலை எதுவரை என்று மட்டும் எல்லை போடுகிறார். நியாயப்பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற உபாத்தியாக இருந்தது என்பது கலாத்தியர் 3:24. உபாத்தி என்றதும் நமக்குப் பிரம்போடு நிற்கிற வாத்தியார் நினைவுக்கு வருவார். மூல கிரேக்கச் சொல் அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய், வழியில் ஒழுங்காக நடக்கிறானா என்று பார்த்துக்கொள்கிற அடிமையைக் குறிக்கும். பிள்ளை வளர்ந்தபின் அவனுக்கு அந்த வேலை இல்லை.

உங்கள் கையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இஞ்சு டேப். தோள் எவ்வளவு, கைநீளம் எவ்வளவு என்று அது பொய் இல்லாமல் சொல்லும். கால் இஞ்சு குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்த இடத்தில் துணி வைத்துத் தைக்க அதனால் முடியுமா? "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7-இல் பவுல் அழுவது இந்த இடத்தில்தான். அளவு தெரிந்துவிட்டது, குறையும் தெரிந்துவிட்டது. தைக்கிற கை வேண்டும். அந்தக் கைக்குத்தான் கிருபை என்று பெயர். கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். இந்த ஒரு விஷயத்துக்காக நானூறு வருடத்துக்கு மேல் பிரிந்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டு அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இரண்டு பக்கமும் சேர்ந்தே அறிக்கையிட்டார்கள்.

நீங்கள் பயத்தில் செய்த பொருத்தனையைப் படித்தபோது எனக்குத் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் நினைவு வந்தது. 1505 ஜூலையில், 21 வயதில், எர்ஃபர்ட் பக்கத்தில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டு, பிழைத்தால் துறவியாகிறேன் என்று கத்தினார். பிழைத்தார், மடத்தில் சேர்ந்தார். உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை. எவ்வளவு செய்தாலும் இன்னும் ஏதோ விட்டுப்போயிற்று என்ற நடுக்கம் அவரை விடவில்லை. ரோமர் 1:17-இல் தேவநீதி என்பது தேவன் நம்மிடம் வசூலிக்கிற நீதி இல்லை, நமக்குக் கொடுக்கிற நீதி என்று புரிந்த அன்றைக்குத்தான் அந்த நடுக்கம் நின்றது. 1521-இல், திகிலில் பிடுங்கப்பட்ட பொருத்தனை அது என்று அவரே எழுதினார்.

சட்டத்தின் இடம் எது என்பதற்குச் சீனாய் மலையையே பாருங்கள். பத்துக் கட்டளைகள் "செய்யாதே" என்று தொடங்கவில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்றுதான் தொடங்குகின்றன. விடுதலை முதலில், கட்டளை பிறகு. கட்டளையைக் கைக்கொண்டதால் செங்கடல் பிளக்கவில்லை.

உங்கள் நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொலோசெயர் 2:14-ஐ இன்று ராத்திரி வாசியுங்கள். நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தை"க் குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று இருக்கும். அந்தக் கையெழுத்து என்ற சொல்லுக்கு மூலத்தில் கடன்பட்டவன் தன் கையால் எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டு என்று பொருள். தேவனிடம் உங்கள் பெயரில் அப்படி ஒரு சீட்டு இப்போது இல்லை. மிஷின் டிராயரில் இருப்பது மனிதர் எழுதியது.

நீங்கள் ஒரே வரியில் எழுதிய விஷயம்

தசமபாகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: கணவரின் அக்கா, நீங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வைத்தியத்துக்கென்று கைமாற்றாகக் கொடுத்த 20,000 ரூபாயை, பின்னால் சண்டை வந்தபோது, வாங்கவே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

கடிந்துகொள்வதற்காக இதை எடுக்கவில்லை. ஆனால் உங்கள் மனது உண்மையில் குத்துவது இந்த வரியில்தான் என்று நினைக்கிறேன். அடைப்புக்குறி போட்டு மறைக்க வேண்டியிருந்தது இதைத்தானே? வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று பரிசேயரிடம் இயேசு சொன்னது இதைப் போன்ற இடத்தைப் பார்த்துத்தான். மதச் சட்டத்தின் பெரிய ஆபத்து இது: எண்ணக்கூடியதை எண்ணி எண்ணி, எண்ண முடியாததைப் பார்க்கவிடாமல் செய்துவிடும்.

வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டை நினைத்துப் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு அவன் தானாக எழுந்து, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். நீங்கள் அண்ணியாரிடம் போவதும் அப்படி இருக்கட்டும். மன்னிப்பு வாங்குவதற்கான விலையாகக் கொண்டுபோகாதீர்கள். மன்னிக்கப்பட்டவராகப் போங்கள். "அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் அண்ணி" என்ற ஒரு வாக்கியம் போதும். மாதம் ஐநூறு, ஆயிரம் என்று கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள். அவர் முகம் கொடுக்காமல் போகலாம், அதற்கும் தயாராகப் போங்கள்.

மகனுக்கு

கிருபை என்றால் பில் போடக்கூடாது என்று அவன் சொன்னது சரியான பேச்சு, அதை அவனிடமே சொல்லுங்கள். கூடவே ஒன்று: கிருபை இருக்கிறதென்று எப்படியும் வாழலாமா என்ற கேள்வியை ரோமர் 6-இல் பவுலே கேட்டு, "கூடாதே" என்று முடித்திருக்கிறார். இந்த வயதில் அவனைச் சபைக்கு வா என்று இழுக்காதீர்கள். நீங்கள் அண்ணி வீட்டுக்குப் போகும்போது வருகிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் உடம்பு. உங்களுக்கும் சர்க்கரைக்கு மாத்திரை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை உபவாசத்தை நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்திருந்த தீர்க்கதரிசி எலியாவிடம் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான்.

சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். அது மகனின் கல்லூரிக்கு. தசமபாக பாக்கி என்று ஒரு கடன் புதிய ஏற்பாட்டில் இல்லை. விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல, தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்பதுதான் 2 கொரிந்தியர் 9:7. கையில் மிஞ்சினால், மனம் சந்தோஷப்பட்டால், பத்து ரூபாயானாலும் போடுங்கள். நகை போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்ன தொகை தருகிறேன் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டி ஆலோசனை கேளுங்கள். 1987-ஆம் வருடச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பாக்கி இருந்தால் பின்னால் மகன் கல்யாணத்தை நடத்தித் தரமாட்டோம் என்று சபையில் சொல்கிறார்களாம். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் திருமணப் பதிவாளர் முன்னிலையிலேயே கல்யாணம் செய்யலாம். அந்த மிரட்டலுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

சபையை விட்டுப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது உங்கள் மனதில் இருப்பது தெரிகிறது. அவசரப்பட வேண்டாம். உங்களிடம் துணி கொடுப்பவர்களில் பாதிப்பேர் அந்தச் சபைப் பெண்கள். கணவர் இறந்தபோது சோறு பொங்கிக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. முதலில் பாஸ்டரிடம் நேராகப் பேசுங்கள். தனியாகப் போகாமல், உங்கள்மேல் அக்கறையுள்ள யாராவது ஒரு மூத்த பெண்மணியைக் கூட்டிக்கொண்டு போங்கள். உபாகமம் 14-ஐயும் லேவியராகமம் 27:8-ஐயும் குறித்துக்கொண்டு போய், "பாஸ்டர், இது எனக்கு எப்படிப் பொருந்தும், சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். பல பாஸ்டர்களுக்குத் தங்கள் மூப்பர்கள் வீடுகளில் என்ன பேசுகிறார்கள் என்பதே தெரிந்திருக்காது. எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசியபோது, நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடியை ஏன் சீஷர் கழுத்தில் வைக்கிறீர்கள் என்று எழுந்து கேட்டவர் பேதுருவேதான். பெரியவர்களே மனம் மாறிய கூட்டம் அது. அதன்பிறகும் சாபம் என்றே சொன்னால், அந்த இடத்தில் உங்கள் மகனை வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அப்போது வேறு சபை பார்ப்பது பின்மாற்றம், அதாவது விசுவாசத்தைவிட்டு விலகுவது ஆகாது.

நோட்டைக் கிழித்துப் போடச் சொல்லமாட்டேன். பாஸ்டரைப் பார்க்கப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். அது அவர்கள் வீட்டுச் சாமான்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை எவ்வளவு என்று சொன்னார், அண்ணி கதவைத் திறந்தாரா என்று இரண்டையும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.